40 மைக்ரான் மேல் ஓடும் மெஷின்

கார் பெயின்ட்டை பாலிஷ் செய்வது என்றால் அதன் மேல்தோலைக் கொஞ்சம் சீவி எடுப்பது. பளபளப்பு புட்டியிலிருந்து வந்து வண்டியில் ஒட்டிக்கொள்வதில்லை. கீறல் ஒரு பள்ளம். அதன் இரு கரைகளிலும் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றியுள்ள மேடு பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறங்கும் வரை தேய்த்தால் கரையும் இல்லை, கீறலும் இல்லை. ரப்பிங் காம்பவுண்டில் கலந்திருக்கும் மிக நுண்ணிய அலுமினாத் துகள்கள் இந்தத் தேய்ப்பைச் செய்கின்றன. பேட் அவற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, மெஷின் பேடைச் சுழற்றுகிறது. கையால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தும் போகாத கோடு மெஷினில் ஐந்து நிமிடத்தில் போவது இதனால்தான். அந்த ஐந்து நிமிடத்தில் பெயின்ட்டே போய்விடுவதும் உண்டு.

சீவுவதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இன்றைய கார்களில் தகட்டின் மேல் மின்பூச்சு முறையில் ஏற்றிய பிரைமர், அதற்கு மேல் சர்ஃபேசர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று நான்கு படலங்கள் இருக்கும். நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். பாலிஷ் செய்பவருக்கு உரியது மேலே உள்ள கிளியர் கோட் மட்டும். அது ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். செய்தித்தாளின் ஒரு தாளே சுமார் 70 மைக்ரான் கனம் இருக்கும் என்பதால், வண்டியைக் காப்பது அந்தத் தாளில் பாதி. அதையும் முழுதாகச் செலவழிக்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் அந்தப் படலத்துக்குள்தான் இருக்கிறது. படலம் மிகவும் மெலிந்துபோன வண்டியின் பானட்டும் கூரையும் சில கோடைகளில் வெளுத்து, பிறகு தோலுரியத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்ததை எந்தப் பாலிஷும் மீட்காது. மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

சென்னையின் ராஜா அண்ணாமலைபுரம் போன்ற பகுதியில் இந்தப் படலத்துக்கு ஓய்வே கிடையாது. ஒரு பக்கம் பட்டினப்பாக்கம் கடற்கரை, இன்னொரு பக்கம் அடையாறு கழிமுகம். உப்புக் காற்று இரவு முழுக்க வண்டிமேல் ஈரமாகப் படிகிறது. கிரீன்வேஸ் சாலைப் பக்கம் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணியின் தூசி அதன் மேல் சேர்கிறது. நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்களின் பிசுக்கும் காக்கை எச்சமும் வேறு. வெயிலில் சூடேறி இளகிய கிளியர் கோட்டில் எச்சம் காய்ந்தால் அந்த வடிவத்திலேயே பள்ளம் விழும். போர்வெல் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால், நீர் வற்றி உப்பு மட்டும் வெள்ளை வட்டங்களாக நிற்கும்.

ஆனால் இவற்றையெல்லாம்விட அதிகக் கோடு போடுவது தினசரித் துடைப்புதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவரே ஏழெட்டு வண்டிகளைத் துடைத்தாக வேண்டும். ஒரு வாளித் தண்ணீர், ஒரே துணி. முதல் வண்டியின் மணல் துணியில் ஏறி அடுத்த வண்டியில் கோடாக இறங்குகிறது. இதில் துடைப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாளியும் தனித்தனித் துணியும் வாங்கிக் கொடுத்து, தேவையான நேரமும் கொடுத்தால் பாதிக் கோடுகள் விழாது. அதைச் செய்யாமல் ஆண்டுக்கு இரண்டு முறை மெஷின் பாலிஷ் போடுகிற வீடுகள் தங்கள் கார் பெயின்ட்டின் ஆயுளைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன.

பாலிஷ் மெஷின்களில் இரண்டு வகை முக்கியமானவை. டி.ஏ. என்று கடைக்காரர்கள் சொல்லும் இரட்டை அசைவு மெஷினில் பேட் சுற்றிக்கொண்டே மையத்திலிருந்து விலகியும் ஆடும். அதிகமாக அழுத்தினால் பல மாடல்களில் சுழற்சி தானே நின்றுவிடும். புதியவருக்கு அது பாதுகாப்பு. இரண்டாவது வகையான ரோட்டரியில் மோட்டாரின் சுழற்சி அப்படியே பேடுக்குப் போகிறது. எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருக்கும். 150 மில்லிமீட்டர் பேட் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 3,000 சுற்றில் அதே விளிம்பின் வேகம் 85 கிலோமீட்டர். நடுமையமோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் ரோட்டரியின் பலமும் ஆபத்தும் பிறக்கின்றன. பேடைத் தட்டையாக வைத்தால் சூடு முழுப் பரப்பிலும் பரவும். சாய்த்தால் வேகமான விளிம்பு மட்டும் ஒரு கீற்றில் அழுந்தி அங்கேயே பெயின்ட்டை எரிக்கும்.

ரோட்டரி மெஷின் வாங்கும்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறதா, 600 அல்லது 700 சுற்று வரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தண்டின் மரை இங்கே பெரும்பாலும் எம்14 அளவு. பேடைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டும் அதே அளவாக இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் இருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேட் மாட்டி ஓட்டுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுவது. அந்த வேகத்தில் பேட் பிய்ந்து பறக்கும், பெயின்ட்டும் மிஞ்சாது. எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது.

சொந்த வண்டியில் கையைப் பழக்கக் கூடாது. சென்னையில் இருப்பவருக்கு இதற்கு நல்ல வசதி உண்டு. காரின் துணைக்கருவிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை எப்படியோ, அப்படிக் கழித்துப்போட்ட பாகங்களுக்குப் புதுப்பேட்டை. அடிபட்டு நெளிந்த பழைய பானட் ஒன்றை அங்கே தேடி வாங்கலாம். நெளிவு இருந்தால் நல்லது. வளைவிலும் முனையிலும் மெஷின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அது கற்றுத்தரும். அதை ஆடாத மேசைமேல் கட்டி வைத்து, மாஸ்கிங் டேப்பால் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாடம்.

முதல் பாடம் மெஷினைப் பிடிப்பது. மேலிருந்து பார்த்தால் பேட் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. பேடின் முன்விளிம்பு கொஞ்சம் அதிகமாக அழுந்தினால் மெஷின் இடப்பக்கம் ஓடும், பிடிப்பவர் பக்கத்து விளிம்பு அழுந்தினால் வலப்பக்கம் ஓடும். தொடக்கத்தில் இது மாட்டு வண்டி இழுப்பதுபோல் கையை இழுக்கும். எதிர்த்து மல்லுக்கட்டினால் தோள் வலிக்கும். மெல்லிய ஃபோம் பேடும் குறைந்த வேகமும் வைத்துக்கொண்டு, மணிக்கட்டைத் துளி அசைத்து இடமும் வலமும் போகப் பழகினால் இரண்டு மூன்று நாளில் இழுப்பு வழிக்கு வந்துவிடும். அழுத்தம் என்று தனியாக ஒன்றும் தேவையில்லை. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள மெஷினே போதும்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் விசித்திரமானது, ஆனால் இதைத் தவிர்ப்பவர் பின்னால் வருந்துவார். பானட்டின் ஒரு மூலையை வேண்டுமென்றே எரித்துப் பார்க்க வேண்டும். பேடைச் சாய்த்து, 2,000 சுற்றில், ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் காம்பவுண்ட் காய்ந்து பொடியாகும். ஒரு காரமான நெடி வரும். அடுத்து மினுமினுப்பு போய் அந்த இடம் மங்கும், பேட் ஒட்டி ஒட்டி இழுக்கும், பிறகு பேடின் முகத்தில் வண்டியின் நிறம் ஏறும். நிறம் தெரிந்தால் கிளியர் கோட் முடிந்துவிட்டது என்று பொருள். இது எத்தனை விநாடியில் நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் கை பிறகு ஒரு மூலையிலும் தங்காது.

பழைய வண்டிகளுக்கு மட்டும் இந்த அடையாளம் பொருந்தாது. அம்பாசடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற வண்டிகளின் பழைய பெயின்ட்டில் கிளியர் கோட் தனியாக இல்லை. நிறப் பூச்சே மேல்பூச்சு. தொட்டவுடன் பேடில் நிறம் ஏறுவது அங்கே இயல்பு. அக்காலத்து மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் கட்டாயம் வேண்டும்.

பழகிய பிறகு உண்மையான வண்டி. முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். மணல் ஒன்று பேடில் சிக்கினாலும் அது போடும் வட்டக் கோட்டை எடுக்க மறுபடி இரண்டு மைக்ரான் போகும். கழுவிக் காய்ந்த பானட்மேல், விரல்களில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவினால் ஒட்டியிருக்கும் துகள்கள் சொரசொரவென்று தெரியும். அவற்றைக் கிளே பார் என்ற களிமண் கட்டியால் எடுக்க வேண்டும். பிறகு பெயின்ட் கனம் பார்க்கும் கேஜ். 90 முதல் 150 வரை காட்டினால் கம்பெனி பெயின்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். 200 தாண்டினால் அநேகமாக மறுபடி அடித்தது. பல நூறு காட்டினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது. 80-க்குக் கீழே இறங்கிய இடத்தை விட்டுவிடுவதே நல்லது. கேஜ் சொல்வது மொத்தக் கனத்தை மட்டும். அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. சாதாரண கேஜ் பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது. அங்கே கூடுதல் நிதானம் வேண்டும், ஏனென்றால் தகடுபோல் பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. சூடு அந்த இடத்திலேயே தேங்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தைச் சில வாரங்களாவது காய விட வேண்டும்.

டேப் ஒட்டுவதில் சோம்பல் கூடாது. கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு, ஃபெண்டர் முனை போன்ற மேடுகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். கறுப்பு ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் பட்டைகள், எம்பளம் ஆகியவற்றையும் மூட வேண்டும். காம்பவுண்ட் ஏறி வெளுத்த ரப்பரைச் சுத்தம் செய்வது பாலிஷைவிடப் பெரிய வேலை. ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கம்பளிப் பேட் அதில் சிக்கினால் ஆன்டெனா பறக்கும், மெஷினும் கையைவிட்டுப் பறக்கும்.

இடமும் நேரமும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் நின்ற வண்டியின் பானட்டில் கை வைக்க முடியாது; அதன்மேல் மெஷின் வைப்பது எரிகிற அடுப்பில் விறகு போடுவதற்குச் சமம். குடியிருப்பின் தரைத்தளப் பார்க்கிங் நிழலுக்கு நல்லது. நடுப்பகலில் கடற்காற்று எழுந்து மணலைக் கொண்டுவருவதற்கு முன், காலையில் வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

முதலில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் கட்டம் ஒன்றில் சோதனை செய்ய வேண்டும். இருப்பதில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ் இவற்றில் தொடங்கி, கோடு போகவில்லை என்றால் மட்டும் அடுத்த கடுமைக்குப் போக வேண்டும். பேடில் நான்கைந்து துளி போதும். பேட் பெயின்ட்டைத் தொட்ட பிறகே சுவிட்சை அழுத்த வேண்டும். காற்றில் ஓடவிட்டு இறக்கினால் பாலிஷ் சுவர் முழுக்கத் தெறிக்கும். 600 சுற்றில் பரப்பி, 1,200 வரை ஏற்றி, ஒரு தடம் முந்தைய தடத்தின் பாதியை மூடும்படி இடம் வலமாகவும், பிறகு மேல் கீழாகவும் ஓட்ட வேண்டும். பாலிஷ் மெல்லிய எண்ணெய்ப் படலமாகத் தெளியும்போது நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்க்க, இளஞ்சூடு இருக்கலாம். கையை எடுக்க வைக்கும் சூடு கூடாது. விளிம்புக்கு அருகே வரும்போது பேட் தகட்டிலிருந்து வெளியே ஓடும் திசையில் சுற்ற வேண்டும். வெளியிலிருந்து விளிம்பை மோதும்படி வந்தால் முனையின் பெயின்ட்டைப் பெயர்த்துவிடும்.

உடலுக்கான எச்சரிக்கைகளை மெஷின் வேலைக்குப் புதியவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி, தளர்ந்த தாவணி முனை எதுவும் சுற்றும் பேடின் அருகே வரக் கூடாது. வயர் எப்போதும் தோளுக்கு மேலாகப் பின்னால் போக வேண்டும். இப்போதுதான் வண்டி கழுவிய ஈரத்தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை வைக்கக் கூடாது. இணைப்பு, மின்கசிவு உணர்ந்து துண்டிக்கும் பிரேக்கர் உள்ள லைனிலிருந்து வர வேண்டும். பேட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சைப் பூட்டும் பொத்தானைப் பழகுபவர் தொடாமல் இருப்பதே நல்லது. கரண்ட் போய்த் திடீரென்று வரும்போது, பூட்டிய சுவிட்சோடு மேசைமேல் கிடக்கும் மெஷின் தானே எழுந்து ஓடும்.

ரோட்டரியின் கடைசிக் குறை அதன் சுழற்சித் தடம். கம்பளிப் பேடும் கடுமையான காம்பவுண்டும் கோடுகளை எடுத்துவிட்டு, தங்கள் தடத்தை மெல்லிய வானவில் இழைகளாக விட்டுச் செல்லும். கறுப்பு, கருநீல வண்டிகள் வெயிலில் நிற்கும்போது அது ஓலைப்பாயின் வரிகள்போல் அலையடிக்கும். மென்மையான ஃபோம் பேடும் நுண்மையான பாலிஷும் வைத்து, 1,000 சுற்றுக்குக் குறைவான வேகத்தில் மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் மறையும். மிச்சத்தை டி.ஏ. மெஷின் எடுத்துவிடும். நல்ல பாலிஷ்காரர்கள் வெட்டுவதற்கு ரோட்டரியும் முடிப்பதற்கு டி.ஏ.வும் வைத்துக்கொள்வது இதனால்தான்.

வேலை உண்மையிலேயே முடிந்ததா என்பதை எண்ணெய் போன பிறகே சொல்ல முடியும். பாலிஷில் உள்ள எண்ணெயும் மெழுகும் கோடுகளுக்குள் இறங்கி அவற்றைத் தற்காலிகமாக மறைக்கும். நாலு தடவை கழுவினால் எல்லாம் திரும்பி வரும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துத் துடைத்துவிட்டு, வண்டியை வெளியே நிறுத்திச் சாய்வான வெயிலிலோ எல்.இ.டி. டார்ச் வெளிச்சத்திலோ பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் வேக்ஸோ சீலன்டோ செராமிக் கோட்டிங்கோ. அதே இடங்களில் கேஜை மறுபடி வைத்து, முன் அளவையும் பின் அளவையும் தேதியோடு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை மெஷினைக் கையில் எடுப்பவருக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.