நீடாமங்கலம் 1937: இன்று அப்படி நடந்தால்

1937 டிசம்பர் 28ஆம் தேதி நீடாமங்கலத்தில் தென் தஞ்சை ஜில்லா காங்கிரஸ் மாநாடு கூடியது. சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அரசு பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாநாட்டில் எல்லாருக்கும் பொதுவாகப் பந்தி போட்டார்கள். அருகிலிருந்த பண்ணையில் வேலை பார்த்த ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்கள் சிலரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் 'குற்றத்துக்காக' அவர்களைப் பிடித்து அடித்தார்கள், தலையை மொட்டையடித்தார்கள், சாணியைக் கரைத்துச் சாணிப்பால் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியை 'விடுதலை' பத்திரிகை வெளியிட்டது. சுயமரியாதை இயக்கத்தினர் ஊர் ஊராக மேடையில் பேசினார்கள். மறுபக்கத்திலிருந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுப்பு வந்தது. கடைசியில் அவதூறு வழக்கில் நீதிமன்றப் படியேறியது செய்தி வெளியிட்ட பத்திரிகைதான். ஆ. திருநீலகண்டன் பழைய இதழ்களையும் ஆவணங்களையும் தேடித் தொகுத்து எழுதிய நூல் வந்த பிறகுதான் இன்றைய தலைமுறையில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியவந்தது. 1968இன் கீழ்வெண்மணிப் படுகொலை தெரிந்த அளவுக்கு நீடாமங்கலம் தெரியாது.

அடித்தவர்கள் யார் என்பதைவிட, அடிபட்டதைச் சொன்னவர் பொய்யரா என்ற கேள்விதான் அன்று முன்னால் வந்து நின்றது. சாணிப்பால் கொடுப்பதைத் தனிக்குற்றமாகச் சொல்லும் சட்டம் அன்று இல்லை. இன்று இருக்கிறது. இருந்தும் காவிரி டெல்டா கிராமங்களில் பல புகார்கள் அதே இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. நடந்ததை முதல் ஓரிரு நாளில் சரியாக எழுத்தில் பதியவைக்காமல் விடுவதால், நடந்ததா இல்லையா என்பதே கடைசிவரை வழக்காகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த முதல் சில நாட்களைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அமலான திருத்தம் அதை விரிவாக்கியது. உண்ணத்தகாத, அருவருப்பான பொருளை வாயில் திணிப்பதும் குடிக்கவைப்பதும் குற்றம். வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதும் மீசையை மழிப்பதும் குற்றம். நீடாமங்கலத்தில் செய்தவை ஏறக்குறைய வரிக்கு வரி இந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. குற்றம் சாட்டப்படுபவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ மாறிய தலித்துகளுக்கும், பட்டியல் சாதித் தகுதி இல்லை என்பதால், இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அவர்களை அடித்தால், பொதுவான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் சாதாரணப் பிரிவுகளில் வழக்குப் போடலாம்.

நம் பக்கத்து விவசாயிகள் பலருக்குத் தெரியாத ஒரு பகுதியை இங்கே சொல்லவேண்டும். ஒருவரின் நிலம், தண்ணீர், பாசன வசதி ஆகியவற்றை அனுபவிக்க விடாமல் தடுப்பதும், பயிரை அழிப்பதும் இதே பிரிவில் வருகின்றன. வெண்ணாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது கடைமடையில் இருக்கும் ஒரு தலித் குடும்பத்தின் மடையை மட்டும் அடைத்துவிட்டால், அதை 'வயல் தகராறு' என்று எழுதி முடித்துவிடக் கூடாது. சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறிப்பது, குளத்துக்கும் கோயிலுக்கும் போகவிடாமல் தடுப்பது, 'அவங்க வீட்டுக்கு யாரும் அறுப்பு மெஷின் அனுப்பாதீங்க, கடையில சாமான் கொடுக்காதீங்க' என்று ஊர்க்கட்டுப்பாடு போடுவது, இவையும் அப்படியே. அடி விழுந்தால்தான் வன்கொடுமை என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. இந்தச் சட்டத்தில் புறக்கணிப்பும் வன்கொடுமைதான்.

இனி காவல் நிலையம். பெரும்பாலான வழக்குகளின் தலைவிதி இங்கேதான் எழுதப்படுகிறது. புகார் கொடுக்கப் போனவரிடம் 'விசாரிக்கிறோம்' என்று சொல்லி ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. ரசீது வாங்கியவர் வழக்குப் பதிந்தாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., வேறு. இந்தச் சட்டத்தின்கீழ் எஃப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகவே சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2020இல் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொண்டால், கையெழுத்தோ கைரேகையோ வாங்குவதற்கு முன்னால் அதைப் படித்துக் காட்டவேண்டியது காவலரின் கடமை. நகலை இலவசமாகத் தரவேண்டும். பட்டியல் சாதியையும் பழங்குடியையும் சேராத அரசு ஊழியர் ஒருவர் இந்தக் கடமைகளை வேண்டுமென்றே செய்யாவிட்டால், அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை தண்டனை உண்டு என்கிறது நான்காம் பிரிவு. எனவே படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். அப்படிக் கேட்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா? நடந்த இடமும் அங்கே இருந்தவர்களின் பெயரும் இருக்கின்றனவா?

இரண்டாவது கேள்வியில் பல வழக்குகள் விழுந்திருக்கின்றன. சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்கவேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் திட்டியது இந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்டத்திலிருந்து போன ஒரு வழக்கும் அதே காரணத்தால்தான் ரத்தானது. திட்டியது டீக்கடை வாசலிலா, களத்திலா, கொள்முதல் நிலையத்திலா, அப்போது அங்கே யார் யார் நின்றார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதை முதல் புகாரிலேயே சொல்லிவிடவேண்டும். 'அசிங்கமா திட்டினாங்க' என்று மட்டும் எழுதினால் நீதிமன்றத்தில் அது நிற்காது. அந்த வார்த்தையை மறுபடி சொல்லவே கூசும்தான். என்றாலும் எழுதத்தான் வேண்டும்.

நிலையத்தில் வாங்க மறுத்தால் அங்கேயே வாக்குவாதம் செய்து நேரத்தைப் போக்கவேண்டாம். அதே புகாரை விரைவுத்தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். ரசீதையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சம்பவம் நடந்தது வேறு நிலைய எல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்றவேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லை என்பதும் பதிய மறுக்கக் காரணமாகாது. ஆனால் நிவாரணத்துக்கும் விசாரணைக்கும் அது கட்டாயம் வேண்டியிருக்கும். அதனால் அதைத் தேடி எடுத்து வைப்பது நல்லது. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞர் உதவி இலவசம். அதற்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம்.

புகார் பதிந்த அன்று இரவே ஆரம்பிப்பது சமாதானப் பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், கட்சிக்காரர் வருவார், சில சமயம் சொந்தக்காரரே வருவார். 'நாளைக்கு அவங்க வயல்லதானே வேலைக்குப் போகணும்' என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைக் கோழைத்தனம் என்று வெளியூரிலிருந்து சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அந்த வீட்டாருக்குச் சொல்லவேண்டிய உண்மை இது: வழக்கை நிலையத்தில் உட்கார்ந்து பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'எதுவும் நடக்கவில்லை' என்று எழுதிய தாளில் ஒருபோதும் போடாதீர்கள். அந்த ஒரு தாள் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான ஆவணமாகத் திரும்பி வரும். சாட்சி பின்வாங்கிவிடுவாரோ என்று தோன்றினால், அவருடைய வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன்னால் பதியவைக்கும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

வேலை போய்விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? இதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. ஏழு நாட்களுக்குள் உடனடி நிவாரணத்துக்கு மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும் என்கின்றன 1995ஆம் ஆண்டு விதிகள். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து நிவாரணத் தொகை தவணைகளாக வரும். முதல் தவணைக்குத் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் நீதிமன்றம் வந்துபோகும் செலவு, பாதுகாப்பு, தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்துவது எல்லாம் 15ஏ பிரிவில் உரிமையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்கும்போது பாதிக்கப்பட்டவர் தரப்பையும் நீதிமன்றம் கேட்டாகவேண்டும். முன்ஜாமீன் இந்தச் சட்டத்தில் பொதுவாகக் கிடையாது. விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்தவேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவேண்டும். அறுபதாவது நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அது தாண்டிய மறுநாளே எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு புகார் வரும், பெரும்பாலும் அதே நாளில். 'எங்களைத்தான் அடித்தார்கள்' என்று. அதனால் அடிபட்டவர் அரசு மருத்துவமனையில் உடனே காட்டி, விபத்துப் பதிவேட்டில் எழுதவைப்பது முக்கியம். இந்தச் சட்டத்தைச் சொந்தப் பகைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எல்லா ஊரிலும் உண்டு. பொய்ப்புகார் கொடுப்பது தவறு. அது அடுத்து வரும் உண்மையான புகாருக்கும் குழி பறிக்கிறது. ஆனால் வழக்கு விடுதலையில் முடிந்தது என்பதை வைத்தே அது பொய் என்று சொல்லிவிட முடியாது. சாட்சி பயந்ததாலும், எஃப்.ஐ.ஆரில் இடத்தை எழுதாததாலும் முடிந்துபோன வழக்குகளும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து செத்தார்கள். 1973இல் உயர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டி அங்கே எதுவும் நடக்கவில்லை என்று இந்த மண்ணில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஊர்ச் செய்தி எழுதுபவர்களிடமும், கையில் போன் வைத்திருக்கும் இளைஞர்களிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. அவதூறு வழக்கு என்ற ஆயுதம் 1937இல் இருந்தது போலவே இன்றும் இருக்கிறது. நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை தண்டனை. பொதுநலனுக்காக வெளியிட்ட உண்மைக்கு அதே பிரிவில் விலக்கும் உண்டு. ஆனால் அது உண்மை என்று காட்டும் பொறுப்பு எழுதியவர் தலையில்தான் விழும். யாரிடம் எப்போது பேசினோம் என்ற குறிப்பு, எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்டதற்கான சான்று, புகாரின் நகல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வீடியோ எடுத்திருந்தால் எடுத்த போனிலேயே மூலக்கோப்பை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த நகலைவிட நீதிமன்றத்தில் அதற்குத்தான் மதிப்பு. ஒருவர் அவமானப்படும் காட்சியை ஊர் முழுக்கப் பரப்பாதீர்கள். மொட்டையடித்தவன் அவருக்குச் செய்ததை நாமும் இன்னொரு முறை செய்வதாகிவிடும். விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்குங்கள்.

சம்பவம் நடக்காத நாட்களில் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு, அதை யாரும் அதிகம் செய்வதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். பதிவான வழக்குகள் எத்தனை, நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, குற்றப்பத்திரிகை எங்கே தங்கியிருக்கிறது என்று அங்கே பார்க்கவேண்டும். நீடாமங்கலம் இன்று இருக்கும் திருவாரூர் மாவட்டத்தில் இந்த ஆண்டு எந்தெந்தத் தேதியில் கூட்டம் நடந்தது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும், அறுபது நாள் தாண்டிய வழக்குகள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதவேண்டும். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதை உள்ளூர்ச் செய்தியாக்கி, நகலை ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுத்து, இன்னொரு நகலைச் சென்னையில் இருக்கும் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கும் அனுப்பலாம்.