பிரயாணத்துக்கு முன் பத்திரங்கள்

குருநகர்ச் சகோதரிகள் கடவுச்சீட்டுக்காக இனி வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலைய வேண்டாம். 2025 செப்டெம்பர் 1 முதல் யாழ்ப்பாணம் கச்சேரியிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. இந்திய வீசா விபரங்களை, 2010 இல் இங்கே திறக்கப்பட்ட துணைத் தூதரகத்தில் கேட்டறியலாம்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் படமெடுத்த ரசீது ஆகியவை தேவை. கணவர் பெயரைச் சேர்ப்பதானால் விவாகச் சான்றிதழும் வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதம் அவசியம்.

சங்கடப்படுவது பழைய சோனகத் தெருக் குடும்பங்கள்தான். 1990 அக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகள் கொடுத்த இரண்டு மணி நேர அவகாசத்தில், உடுத்த துணியோடு புத்தளம் போனவர்கள் பத்திரங்களையா தேடியிருப்பார்கள்? பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். அதில் "பாத்திமா", அடையாள அட்டையில் "பாத்துமா" என்றிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

நாகூர் போக எண்ணுவோருக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் வசதியானது. ஆனால் மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். விசாரித்த பிறகே டிக்கெட் எடுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்றும் பார்த்துவிடுங்கள்.