தோட்டத்து வீர மகளிர்

சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் வழியில் பரங்கிமலை அமைந்துள்ளது. அங்கே 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற படை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் 1992 முதல் பெண்களும் பயின்று வருகின்றனர். ஆனால், அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, கடல் கடந்த நாட்டில் தமிழ் மகளிர் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து நின்றனர். அவ்வரலாற்றை அறிந்தோர் சிலரே.

இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அங்குச் சிறைப்பட்ட இந்திய வீரர்களைக் கொண்டு இந்திய தேசிய இராணுவம் உருவாயிற்று. 1943 ஜூலையில் அதன் தலைமையை ஏற்ற நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ், மகளிர்க்கெனத் தனிப்படை ஒன்று அமைக்க விரும்பினார். வெள்ளையரை எதிர்த்துப் போரிட்ட ஜான்சி ராணியின் பெயர் அப்படைக்குச் சூட்டப்பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் செய்துவந்த டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். 1943 அக்டோபர் 22ஆம் நாள் பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது.

அப்படையில் சேர்ந்தோர் யாவர்? கோலாலம்பூர் ஜானகி தேவர் போன்ற வசதி மிக்க குடும்பத்துப் பெண்கள் சிலர் இருந்தனர். ஆயினும், பெரும் பகுதியினர் மலேயாவின் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களே. விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தும், ஆண்களினும் குறைந்த கூலியே பெற்றும் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுள் பலர் இந்திய மண்ணை ஒருமுறையும் கண்டதில்லை. கண்ணால் காணாத தாய்நாட்டிற்காக அவர்கள் உயிரையும் தர முன்வந்தனர். முகாமில் செல்வர் மகளும் தொழிலாளி மகளும் ஒரே சீருடை அணிந்தனர். ஒரே உணவை உண்டனர். துப்பாக்கி சுடவும், நெடுந்தொலைவு நடக்கவும், காயமுற்றோரைப் பேணவும் ஒருங்கே கற்றனர்.

1944இல் இவர்களுள் ஒரு பகுதியினர் பர்மா சென்றனர். இம்பால் போரில் படை பின்வாங்க நேர்ந்தமையால், போர்முனையில் நின்று சுடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களுக்கு இரவு பகலாகத் தொண்டாற்றினர். 1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டு நீங்கியபோது, வானிலிருந்து குண்டுகள் பொழிந்தமையால் பகலில் மறைந்திருந்து இரவில் நடந்தனர். நேதாஜியும் அவர்களுடன் நடந்தார். திரும்பும் வழியில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் தாக்குதலுக்கு உள்ளாகி உயிர் நீத்தனர்.

போர் முடிந்தது. கேப்டன் இலட்சுமிக்கு 1998இல் பத்மவிபூஷண் விருதும், ஜானகிக்கு 2000இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. அதே போரில், ஆங்கிலேயர் சார்பில் பிரான்சில் மறைந்திருந்து வானொலிச் செய்தி அனுப்பிய நூர் இனாயத் கான் என்னும் இந்திய வழிப் பெண், 1944இல் ஜெர்மானியரால் கொல்லப்பட்டார். அவர் பெயரை 1949இல் வழங்கப்பெற்ற ஜார்ஜ் சிலுவை நிலைநிறுத்தியது. தோட்டத்துப் பெண்களின் நிலை வேறு. அவர்கள் மீண்டும் பால்மரங்களிடையே சென்று மறைந்தனர். எழுத்தறியாதோர் பலராதலின், தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கவும் அவர்களால் இயலவில்லை.

பகைவரை நேரில் நின்று பொருதாத படைக்குப் புகழ் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். போரில் வெல்வதும் தோற்பதும் ஒருவர் கையில் இல்லை; துணிந்து புறப்படுவதே அவர் கையில் உள்ளது. கூலிக்கு உழைத்துக் குனிந்தே பழகிய பெண்கள் நிமிர்ந்து நின்று, உயிரைப் பணயம் வைத்துப் புறப்பட்டனர். வெற்றி பெற்றோரை மட்டுமே போற்றும் வரலாறு முழுமையான வரலாறு ஆகாது. பெயர் தெரியாத அப்பெண்களின் துணிவையும் அறிந்து போற்றுதல் நம் கடமையாகும்.