29 தேசங்களுக்கு ஒரே வாயில்

லக்ஸம்பர்க் தேசத்தின் தென்கிழக்கு மூலையில், பிரான்ஸும் ஜெர்மனியும் வந்து தொடுகிற மோசல் நதிக்கரையில், திராட்சைத் தோட்டங்கள் சூழ அமைந்திருக்கிறது ஷெங்கன் என்னும் சிற்றூர். 1985-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி, அவ்வூரை ஒட்டி நதியில் நின்ற ஒரு கப்பலில், பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து என்னும் ஐந்து தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, தங்களுக்கு இடையேயுள்ள எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக அகற்றிவிடுவதென்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அரை நூற்றாண்டுக்குள் இரண்டு மகா யுத்தங்களை நடத்திய மக்கள் அதே எல்லைகளை ஒருவரையொருவர் நம்பித் திறந்துவிடத் துணிந்தது சரித்திரத்தில் சாமானியமான காரியம் அன்று. 1995 மார்ச் 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில், 2025-ஆம் ஆண்டின் முதல் நாள் ருமேனியா, பல்கேரியா தேசங்களின் தரைவழிச் சோதனைகளும் நீங்கியபின், இன்று 29 தேசங்கள் முழுமையாக இணைந்திருக்கின்றன.

உள்வாயில்களைத் திறந்து வைத்தவர்கள் வெளிவாயிலில் அதிக ஜாக்கிரதையாக இருப்பது இயல்பே. லிஸ்பனில் இறங்குகிறவர் யாரும் தடுக்காமல் ஹெல்சிங்கி வரையில் போய்விடலாம் என்பதால், விசா வழங்கும் ஒரு தூதரகம் தன் தேசத்துக்காக மட்டுமின்றி மற்ற 28 தேசங்களுக்காகவும் பொறுப்பேற்கிறது. குறுகிய காலப் பயணிகளிடம் கேட்கப்படும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் உரிய நியாயம் இந்தப் பொறுப்பிலேதான் அடங்கியிருக்கிறது. அந்த நியாயத்தை உணர்ந்துகொண்டவர்க்கு விண்ணப்பம் வெறும் காகிதச் சுமையாகத் தோன்றாது.

முதலாவதாக, எந்தத் தேசத்திடம் விண்ணப்பிப்பது என்பதில் விருப்பத்துக்கு இடமில்லை. பயணத்தின் பிரதான நோக்கம் எங்கே நிறைவேறுகிறதோ, அல்லது அதிக நாட்கள் எங்கே கழிகின்றனவோ, அத்தேசத்தின் தூதரகமே உரியது. எல்லாம் சமமாயின், முதலில் நுழையும் தேசத்துக்கு உரிமை. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சாதாரணமாக 15 நாட்களில் தெரியுமாயினும், ஆராய வேண்டியது இருந்தால் 45 நாட்கள் வரையில் நீளக்கூடும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாயும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களேனும் செல்லுபடியாவதாயும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாயும் இருத்தல் அவசியம். வைத்தியச் செலவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா உறுப்பு தேசங்களிலும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது.

இவையெல்லாவற்றையும்விட நம்மவர் நின்று நிதானித்துப் படிக்க வேண்டியது நாட்கணக்கு. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது என்பது விதி. அந்த 180 நாட்கள் நாட்காட்டியின் அரையாண்டு அல்ல. தங்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணப்படுவது. வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். ஏப்ரல் 1-ஆம் தேதி நுழைந்து ஜூன் 29 வரை தொடர்ந்து தங்கியவர் தம் 90 நாட்களையும் தீர்த்துவிட்டார். அவர் மீண்டும் காலடி வைக்கத்தக்க முதல் நாள் செப்டம்பர் 28. ஐந்தாண்டு விசா கையில் இருந்தாலும் இக்கணக்கில் மாற்றமில்லை. விசாவில் குறித்த தேதிகளுக்கு இடையே உள்ள காலம் வேறு, தங்க அநுமதித்த நாட்களின் தொகை வேறு என்பதையும் மறத்தலாகாது. கடவுச் சீட்டில் முத்திரை குத்தி வந்த காலம் போய், 2025 அக்டோபர் 12-ஆம் தேதி முதல் வருகையையும் புறப்பாட்டையும் கணினியில் பதிவு செய்யும் முறை படிப்படியாகத் தொடங்கியிருப்பதால், இனி எண்ணிக்கையில் ஒரு நாள் பிசகினாலும் அது தானே வெளிப்பட்டுவிடும்.

பத்திரங்கள் பலவாயினும் அவற்றுக்கு ஊடே ஓடும் கேள்வி ஒன்றுதான்: வந்தவர் குறித்த காலத்தில் திரும்பிச் செல்வாரா? உத்தியோகச் சான்று, விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, குடும்பப் பொறுப்பு ஆகியவை யாவும் அதற்கு விடையே. பாரிஸிலோ ஜூரிச்சிலோ வாழும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் வயோதிகப் பெற்றோருக்குச் சம்பளச் சீட்டு இராது. ஆனால் ஓய்வூதியமும் சொந்த வீடும் அழைத்தவரின் ஆதாரங்களும் அவர்களுக்காகப் பேசும். எளிய நிலையை உள்ளபடி சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. தரகர் பேச்சைக் கேட்டுக் கணக்கில் கடன் பணத்தைப் போட்டுக் காட்டுவதும், பொய்ச் சான்று இணைப்பதும் பெரிய ஆபத்து; கைரேகையோடும் புகைப்படத்தோடும் அந்த விண்ணப்பம் பொதுப் பதிவேட்டில் ஐந்து ஆண்டுகள் வரையில் நிற்கும், எல்லாத் தேசத்து அதிகாரிகளும் அதைக் காண்பார்கள். அதேபோல் அரசுக்கும் கடமை உண்டு: மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழியும் சட்டத்தில் இருக்கிறது. விசா பெற்றவரும் எல்லையில் அதிகாரி கேட்டால் தம் பத்திரங்களைக் காட்ட வேண்டியவரே. ஆதலால் அவற்றைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாமல் கையோடு வைத்திருப்பதே விவேகம்.

நேர்மைக்குப் பலன் உண்டென்பதையும் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியப் பிரஜைகளுக்கென வகுக்கப்பட்ட முறைப்படி, முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியவர், பலமுறை செல்லத்தக்க இரண்டாண்டு விசாவுக்கும், அதையும் முறையாகப் பயன்படுத்தினால், பாஸ்போர்ட்டின் ஆயுள் இடங்கொடுக்குமாயின் ஐந்தாண்டு விசாவுக்கும் உரியவராகிறார். குறித்த நாளில் ஊர் திரும்பும் ஒவ்வொரு பயணியும் தம் அடுத்த பயணத்தைச் சுலபமாக்கிக்கொள்வதோடு, தமக்குப் பின் விண்ணப்பிக்கும் நம் தேசத்தவர் பேரில் அயலார் வைக்கும் நம்பிக்கையையும் வளர்க்கிறார். ஆகவே நாட்களை எண்ணி நடப்பதும், உள்ளதை உள்ளபடி எழுதுவதும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் காரியங்களாக மட்டும் இராமல், பிறர் வீட்டுக்குச் செல்லும் விருந்தாளியின் மரியாதையாகவும் நமக்கு அமைய வேண்டும்.