கடலில்லாத ஊரில் உவர்நீர்த் தொட்டி

உவர்நீர் மீன் வளர்க்க வேண்டுமானால் வீடு கடலோரத்தில் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்நாட்டு ஊரான உத்திரமேரூரிலிருந்து கடல் நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 40 கிலோமீட்டர். ஆனால் தொட்டிக்கு வேண்டியது கடலின் அருகாமை அல்ல. சரியான உப்பும் அது கூடாமல் குறையாமல் நிற்பதும்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்தில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் நல்ல தண்ணீரில் மீனுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதைச் சிறுநீராக வெளியேற்றி, செவுளால் உப்பை உள்ளே இழுக்கிறது. கடலிலோ தண்ணீரைக் குடித்துவிட்டு, மிகுந்த உப்பைச் செவுள் வழியே தள்ளுகிறது. கழிமுக மீனின் செவுள் இந்த இரண்டு வேலையையும் செய்யும், ஆனால் வேலையை மாற்றிக்கொள்ள அதற்கு நாள் பிடிக்கும். லிட்டருக்கு 8 முதல் 12 கிராம் வரை இருந்தால் அதற்கு உழைப்பு குறைவு. முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் உப்பு மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அங்கே பிடிக்காத நீரிலிருந்து மீன் விலகிப் போகும். தொட்டியில் போக இடமில்லை.

“எங்கள் போர் தண்ணீரே கரிக்கிறது, ஒரு கை கல்லுப்பு போட்டால் போதாதா?” போதாது. நாக்குக்குக் கரிக்கும் தண்ணீரிலும் பெரும்பாலும் லிட்டருக்குச் சில கிராம்தான் இருக்கும். சமையல் உப்போ ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் உள்ள மெக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் அதில் போதிய அளவு கிடையாது. கடல்மீன் தொட்டிக்கென்று கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் விற்கும் உப்புக் கலவைதான் சரி; 100 லிட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. போர் தண்ணீரின் கடினத்தன்மை இங்கே கெடுதல் அல்ல, துணை. பலர் சறுக்குவது கோடையில்தான்: ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். குறைந்த மட்டத்தை உப்பு கலக்காத தண்ணீரால் நிரப்ப வேண்டும்.

கடைத் தொட்டியில் உவர்நீர் மீன்கள் நல்ல தண்ணீரில்தானே நீந்துகின்றன என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான், புள்ளி ஸ்கேட் என்ற மீனின் குஞ்சுகள் ஆற்றிலும் ஏறும். சில மாதம் தாங்குவதை வைத்து அதுவே அவற்றுக்கு ஏற்ற நீர் என்று முடிவு கட்ட முடியாது. ஸ்கேட் ஓரடி வளரும், அதன் துடுப்பு முள்ளில் விஷமும் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஆரஞ்சு குரோமைடு, அதாவது கேரளத்தார் சொல்லும் பள்ளத்தி, சுமார் 8 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். நன்னீரிலும் வாழ்வதால் தொடக்கக்காரரின் தவறுகளைத் தாங்கும். தாயும் தந்தையும் முட்டையைக் காக்க, குஞ்சுகள் பெற்றோர் உடலின் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். கடைசியாக, கழிவு நீர்: தொட்டியில் வாராவாரம் மாற்றும் 20 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பு வெளியே போகிறது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் தென்னை ஓரளவு பொறுக்கும், நெல் நாற்றங்கால் பொறுக்காது. ஏரிக்குப் போகும் கால்வாயிலும் அதை ஊற்றக் கூடாது.