ராக்கெட் கிளம்பினால் படகு கிளம்பாது! பழவேற்காடு குப்பங்களில் ‘கவுண்ட் டவுன்’ தொல்லை

பழவேற்காடு:-

ராக்கெட் பறந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். டி.வி. முன்னால் கூட்டம். கைதட்டல். பழவேற்காடு குப்பத்து மீனவர்களுக்கோ அன்றைக்கு வயிற்றெரிச்சல்!

ஏன் என்கிறீர்களா? ஸ்ரீஅரிகோட்டா ராக்கெட் தளம் இங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. வடக்கே இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு அது. ராக்கெட் நாள் வந்தால் "கடலுக்குப் போகாதே" என்று மீன்துறை உத்தரவும் கூடவே வந்துவிடும். கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று எல்லா ஊர்ப் படகும் கரையில் குப்புறப் படுத்துக்கொள்ளும்.

தடையைக் குறை சொல்ல முடியாது. ராக்கெட் மேலே போகப் போகக் கழற்றிவிடும் பாகங்கள் கடலில்தான் விழும். கோளாறு என்றால் ராக்கெட்டே விழும். 1979 ஆகஸ்டு 10-ந்தேதி கிளம்பிய எஸ்.எல்.வி.-3 வங்கக்கடலில்தான் போய் விழுந்தது. உயிர் முக்கியம் அல்லவா? ஆனால் அன்றைக்கும் அடுப்பு எரியணுமே!

ஒத்திவைத்தால் டபுள் நஷ்டம்

சொன்ன நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டால் ஒரு நாளோடு கணக்கு தீர்ந்தது. அப்படிப் போகாமல் அடம்பிடிக்கும் ராக்கெட்டுதான் ஆளைக் கொல்லும்.

2019 ஜூலை 15-ந்தேதி அதிகாலை 2.51-க்கு சந்திரயான்-2 கிளம்ப வேண்டும். 56 நிமிடம் இருக்கையில் "இன்றைக்கு இல்லை" என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு 22-ந்தேதிதான் போனது. 2024 டிசம்பர் 4-ந்தேதி ஐரோப்பிய செயற்கைக்கோளோடு நின்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டும் கடைசி நேரத்தில் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. விஞ்ஞானிகளுக்கு அது ஜாக்கிரதை. மீனவருக்கு அது இன்னொரு நாள் பட்டினி.

2023 அக்டோபர் 21-ந்தேதி நடந்த ககன்யான் சோதனை இன்னும் வேடிக்கை. காலை 8 மணி என்றார்கள். அரை மணி தள்ளினார்கள். அப்புறம் 8.45 என்றார்கள். 5 வினாடி இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டது! கடைசியில் 10 மணிக்குத்தான் பறந்தது. காலைப் பொழுது அத்தோடு அம்பேல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம் உண்டு. அது விசைப்படகுகளுக்கு. இங்கே ஓடுவதெல்லாம் பைபர் படகு. அந்தத் தடையில் தப்பிக்கிறவர்கள் ராக்கெட்டிடம் மாட்டிக்கொள்கிறார்கள். தடைக்காலமாவது காலண்டரில் தெரியும். ராக்கெட் தேதி அப்படியா?

முன்பெல்லாம் எப்போதாவது ஒரு ராக்கெட். 2025 ஜனவரி 29-ந்தேதி காலை 6.23-க்குப் பறந்தது ஸ்ரீஅரிகோட்டாவின் 100-வது ராக்கெட். காலை 6.23 என்பது குப்பத்தில் என்ன நேரம்? வலையில் இருந்து மீனைக் கழற்றும் நேரம்!

"இன்னிக்கி மீன் இல்லையா?"

இத்தனைக்கும் நடுவே சென்னையில் இருந்து கார் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ராக்கெட் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்களே! ஒரே ஒரு நிமிடம் அண்ணாந்து பார்ப்பார்கள். புகை கலைவதற்குள் அடுத்த கேள்வி, "என்னம்மா, நண்டு என்ன விலை? இறால் இல்லையா?" என்று. கூடைக்காரம்மா என்ன பதில் சொல்லுவாள்? மேலே பார்த்துக் கையைக் காட்ட வேண்டியதுதான்.

ராக்கெட் இல்லாத நாளில் மட்டும் நிம்மதியா? முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொள்ளும். ஆழம் இல்லாவிட்டால் எஞ்சின் விசிறி மணலைக் கடிக்கும். இறங்கித் தள்ளணும். கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறாலும் உள்ளே வராது. அது தனித் தலைவலி.

ஏரியில் ‘பாடு’ முறை உண்டு. இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. தன் முறைக்காகக் காத்திருந்து வலை கட்டினால் அன்றைக்குப் பார்த்து நண்டு வந்து வலையைக் கத்தரித்துவிட்டுப் போகும். நண்டுக்கு நல்ல விலைதான். ஆனால் அது பிடிபட்டால்தானே! பாதி நாள் வலை பின்னுவதிலேயே போய்விடும்.

ஏரியில் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தண்ணீரில் கோடா போட்டிருக்கிறது? காற்று தள்ளினால் படகு அந்தப் பக்கம் போய் நிற்கும். அதனால் லடாய்.

ராக்கெட் விவகாரம் பழவேற்காட்டோடு நிற்கப்போவதில்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந்தேதி அடிக்கல் நாட்டியாச்சு. அந்தக் கரையிலும் மீன்பிடி ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கவுண்ட் டவுன் என்றால் என்ன என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பழவேற்காட்டுக்கு ஒரு நடை வந்து போகலாம். ராக்கெட் நாளில் வந்தால் பேச ஆள் கிடைக்கும். எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள்.