பிரிட்டனில் தட்டான் கணக்கு

தட்டானை அறியாதார் நம் நாட்டில் இலர். குளக்கரையிலும் வயல் வரப்பிலும் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் இப்பூச்சி சிறுவர்க்கு விளையாட்டுப் பொருள். தாழப் பறந்தால் மழை வரும் என்பது உழவர் கூற்று. இதே பூச்சியினத்தைப் பிரிட்டனில் ஆசிரியர்கள், எழுத்தர்கள், ஓய்வு பெற்றோர், மாணவர் எனப் பல்லாயிரம் பேர் தம் ஓய்வு நேரத்தில் கவனித்து, கண்ட இடத்தையும் நாளையும் எழுதி ஓரிடத்தில் சேர்த்து வந்துள்ளனர். 2021ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை ஒன்றுக்கு அடிப்படையாக அமைந்தவை ஏறக்குறைய 17,000 பேர் தந்த 14 இலட்சம் குறிப்புகள். 1970 முதல் 2019 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் அந்நாட்டின் நீர்நிலைகளில் நிகழ்ந்த மாறுதல்களை அக்குறிப்புகளைக் கொண்டு கணிக்க முடிந்தது. இம்முறை எவ்வாறு அமைந்தது, அதில் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் யாவை என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

தட்டான் வகைப் பூச்சிகளை விஞ்ஞானிகள் ஒடோனேட்டா என்னும் வரிசையில் சேர்ப்பர். இதில் தட்டான், ஊசித்தட்டான் என இரு பெரும் பிரிவுகளை எளிதில் காணலாம். ஊசித்தட்டானின் உடல் மெலிந்தது. நான்கு இறக்கைகளும் ஏறத்தாழ ஒரே வடிவின. அமரும்போது பெரும்பாலும் அவற்றை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். இரு கண்களுக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். தட்டானின் உடல் தடித்தது. பின்னிறக்கை அடிப்பாகத்தில் அகன்றது. அமரும்போதும் இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். பெரிய கண்கள் தலையுச்சியில் ஒன்றையொன்று தொடும். விலக்குகளும் உண்டு. எமரால்ட் எனப்படும் பச்சை நிற ஊசித்தட்டான்கள் இறக்கைகளைப் பாதி விரித்தே அமரும். கிளப்டெயில் என்னும் தட்டானுக்குக் கண்கள் பிரிந்தே இருக்கும்.

இந்தியாவில் ஏறக்குறைய 500 இனங்கள் உள்ளன. பிரிட்டனிலோ, நிலையாக வாழ்வனவும் ஆண்டுதோறும் வந்து செல்வனவும் சேர்ந்து 46 இனங்களே மேற்கூறிய அறிக்கையில் கணக்கிடப்பட்டன. பொதுமக்களைக் கொண்டு இத்தகைய கணக்கெடுப்பு அங்கே சாத்தியமானதற்கு இச்சிறு தொகையே முதற்காரணம் எனக் கூறலாம். ஊக்கமுள்ள ஒருவர் இரண்டு மூன்று கோடைகளில் அவற்றுள் பெரும்பாலானவற்றை இனங்காணக் கற்றுவிடலாம்.

இரண்டாவது காரணம் நல்ல கையேடுகள். 1937இல் சிந்தியா லாங்ஃபீல்டு அம்மையார் வெளியிட்ட நூல் சட்டைப் பையில் வைத்துச் செல்லத்தக்கதாய் இருந்தது. 1949இல் லண்டன் ராயல் பூச்சியியல் கழகம் தன் கையேட்டு வரிசையில் தட்டான் பகுதியை வெளியிட்டது; 1956இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. இதனை எழுதியவர் நமக்கு அயலாரல்லர். இந்திய மருத்துவப் பணியில் இருந்தபோது தென்னிந்திய மலைகளிலும் ஓடைகளிலும் தட்டான்களைத் தேடித் திரிந்து, 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் இந்தியத் தட்டான்களைப் பற்றிய மூன்று தொகுதிகளை வெளியிட்ட லெப்டினன்ட் கர்னல் எஃப். சி. ஃபிரேசரே அவர். குடகிலும் நீலகிரியிலும் பழகிய கண் ஓய்வுக் காலத்தில் ஆங்கில ஓடைகளின் பக்கம் திரும்பியது.

இனங்காணும் முறை

நிறம் ஒன்றையே நம்புவது முதல் இடர்ப்பாடு. சட்டை உரித்துப் புதிதாய் வெளிவந்த பூச்சி வெளிறியிருக்கும். இறக்கைகள் கண்ணாடிபோல் மினுமினுக்கும். உரிய நிறம் ஏறச் சில நாட்கள் ஆகும். ஆண், பெண் நிறங்களும் பெரும்பாலும் வேறானவை. ஆகையால் பழகியவர் நிறத்தைக் காட்டிலும் கோட்டையும் புள்ளியையும் பார்ப்பர்.

பிரிட்டனில் தொடக்கநிலையினரை மிகவும் குழப்புவன நீல ஊசித்தட்டான்கள். காமன் புளூ, அஷூர் ஆகிய இரண்டும் ஒரே குட்டையில் ஒரே நேரத்தில் பறக்கும். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் வேற்றுமை தோன்றாது. அருகில் நோக்கின், காமன் புளூவின் தோள்களில் உள்ள நீலக் கோடுகள் அகன்றவை. அஷூருக்கு அவை ஒடுங்கியவை. அஷூரின் மார்புப் பக்கத்தில் சிறு கருங்கோடு ஒன்று முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். காமன் புளூவுக்கு அது இல்லை. ஆண் பூச்சியின் வயிற்றில் இரண்டாம் வளையத்தின் மேலுள்ள கருங்குறி அஷூரில் ஆங்கில யு எழுத்தின் வடிவம். காமன் புளூவில் காம்புள்ள காளானின் வடிவம். மூன்று அடையாளங்களும் ஒத்துவந்தால் ஐயமில்லை. பெண் பூச்சிகள் இன்னும் கடினமானவை. அவற்றின் பெயர் விளங்காதபோது 'நீல ஊசித்தட்டான், இனம் துணியப்படவில்லை' என எழுதுபவரே பதிவாளருக்கு உதவுபவர். ஊகித்து எழுதிய பெயர் பின்னால் எவராலும் திருத்த இயலாதது.

சிவப்புத் தட்டான்களிலும் இவ்வகைக் குழப்பம் உண்டு. காமன் டார்ட்டரின் கருங்கால்களில் மஞ்சள் கோடு ஓடும். ரடி டார்ட்டரின் கால்கள் முழுக் கருமை. காலைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், குச்சி நுனியில் அமரும் இப்பூச்சிகளைப் பைனாகுலர் கொண்டே பிரித்தறியலாம், வலை வேண்டுவதில்லை.

இடமும் காலமும் இனங்காண்பதில் துணை செய்யும். இறக்கை முழுதும் கருநீலமாய் மின்னும் பியூட்டிஃபுல் டெமாய்செல் கூழாங்கற்கள் மேல் விரைந்தோடும் தெளிந்த ஓடைகளை நாடும். இறக்கை நடுவில் மட்டும் கரும்பட்டையுடைய பேண்டட் டெமாய்செல் மெல்ல ஓடும் சேற்றாறுகளில் மிகுதி. லார்ஜ் ரெட் என்னும் சிவப்பு ஊசித்தட்டான் ஏப்ரலிலேயே வெளிவரும். காமன் டார்ட்டர் நவம்பர் வரை பறப்பதுண்டு. ஆயினும் பெரும்பாலான இனங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களே பருவம். வெயிலும் வெதுவெதுப்பும் இல்லாத நாளில் தட்டான் பறக்காது; காற்று மிகுந்தாலும் புல்லில் ஒடுங்கிவிடும். ஆகையால் வெயிலுள்ள நாளில், முற்பகல் பத்து அல்லது பதினொரு மணியிலிருந்து பிற்பகல் மூன்று நான்கு மணிக்குள் குளத்தைச் சுற்றிவருவது வழக்கம். முகில் சூழ்ந்த பிரிட்டிஷ் கோடையில் அத்தகைய நாட்கள் தொடர்ந்து வாய்ப்பதில்லை என்பதை நினைவிற் கொண்டால், அக்குறிப்புகளின் அருமை விளங்கும்.

ஒரு குறிப்பில் இருக்கவேண்டுவன

யார் கண்டார், எதைக் கண்டார், எங்கே கண்டார், எப்போது கண்டார் என்னும் நான்கும் இன்றிக் குறிப்பு இல்லை. இவற்றுள் 'எங்கே' என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சிறந்த ஏற்பாடு உண்டு. அந்நாட்டு நில அளவைத் துறையின் படங்கள் முழுநாட்டையும் 100 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்துக்களைத் தந்துள்ளன. எழுத்துக்களோடு இரண்டு இலக்கம் சேர்த்தால் 10 கிலோமீட்டர் சதுரமும், நான்கு சேர்த்தால் 1 கிலோமீட்டர் சதுரமும், ஆறு சேர்த்தால் 100 மீட்டர் சதுரமும் குறிக்கப்பெறும். ஊர்ப்பெயர் மட்டும் எழுதினால் ஒரே பெயருடைய பல ஊர்களால் குழப்பம் நேரும். இலக்கம் தவறினாலோ குளம் கடலுக்குள் போய்விடும். எனவே இரண்டையும் எழுதச் சொல்வர். ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும்.

எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்வது அரிது என்பதால் பிரிட்டிஷ் தட்டான் கழகத்தார் படிகள் வகுத்துள்ளனர்: ஒன்று மட்டும், 2 முதல் 5, 6 முதல் 20, 21 முதல் 100, 101 முதல் 500, அதற்கு மேல். 1983இல் நிறுவப்பெற்ற இக்கழகமே இன்று இக்கணக்கெடுப்பை நடத்திவருகிறது. பூச்சியின் நிலையும் எழுதப்பட வேண்டும். வளர்ந்த பூச்சி, இணைந்து நின்ற சோடி, முட்டையிடும் பெண், நீரிலுள்ள இளம்பூச்சி, உரித்த சட்டை, அப்போதே வெளிவரும் பூச்சி என இவை தனித்தனியே குறிக்கப்படும்.

இவ்வேறுபாடு ஏன் வேண்டும்? தட்டான் வலிய பறவைத் திறன் உடையது. ஒரு குளத்தின்மேல் அது பறந்ததனாலேயே அக்குளத்தில் பிறந்தது எனக் கொள்ளலாகாது. முட்டையிடுதலும் போதிய சான்றன்று. நீர் கெட்டிருந்தால் குஞ்சு பிழைக்காது. நீரை விட்டு நாணல் தண்டில் ஏறி, முதுகு வெடித்துப் பூச்சி வெளியேறியபின் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றுச் சட்டையே உறுதியான சான்று. அதனுள் வெண்ணூல்கள் போலத் தொங்குவன மூச்சுக் குழல்களின் உட்தோல். இளம்பூச்சி அந்நீரில் பல மாதங்கள், பெரும்பாலான இனங்களில் ஓராண்டோ ஈராண்டோ, வாழ்ந்து முடித்தது என்பதை அது காட்டுகிறது. மலை ஓடைகளில் வளரும் கோல்டன் ரிங்டு என்னும் பெரிய தட்டானின் இளம்பூச்சி ஐந்தாண்டு வரையும் நீரிலிருக்கும். ஐந்தாண்டு அந்த ஓடை பழுதின்றி இருந்தது என்பதற்கு அச்சட்டையைவிடச் சிறந்த சாட்சி எது? பள்ளி ஆசிரியர்க்கும் இதுவே ஏற்ற பொருள்: உயிரைக் கொல்ல வேண்டுவதில்லை; தீப்பெட்டியில் பத்திரமாய் வைக்கலாம்; பூதக்கண்ணாடியின்கீழ் முகமூடி போன்ற கீழுதட்டையும் காட்டலாம்.

மாவட்டந்தோறும் உள்ள பதிவாளர் வந்த குறிப்புகளைப் பார்வையிடுவார். பருவத்துக்கு ஒவ்வாத நாள், அவ்வினம் இதற்குமுன் காணப்படாத இடம் ஆகியவை அவர் கண்ணில் பட்டதும் படமோ விளக்கமோ கேட்டு எழுதுவார். மிக அரியவற்றை ஆராயத் தனிக் குழுவும் உண்டு. இக்கேள்விகளால் மனம் வருந்துவோர் சிலர்; ஆயின் கேள்வி கேட்கப்பெற்று நிலைத்த குறிப்பின் மதிப்பே தனி.

குறிப்புகள் காட்டியவை

உயிரினங்களின் பரவலைக் குறிக்கும் மையம் ஒன்று 1964இல் ஹண்டிங்டன் அருகே மாங்க்ஸ் வுட் என்னுமிடத்தில் தொடங்கப்பெற்றது. அதன் ஆதரவில் 1968இல் தட்டான் பதிவுத் திட்டம் உருவாயிற்று. 10 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு புள்ளி என்ற முறையில் வரையப்பெற்ற பரவற்படத் தொகுதிகள் 1996இலும் 2014இலும் நூலாக வந்தன.

ஆனால் திட்டம் தொடங்குமுன்னரே சில இழப்புகள் நேர்ந்துவிட்டன. எஸ்ஸெக்ஸ் கடற்கரைச் சதுப்பில் 1946இல் காணப்பெற்ற டெயின்டி ஊசித்தட்டான், 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி உப்புநீர் புகுந்ததால் அழிந்தது. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர், 2010இல், கெண்ட் மாவட்டத்தின் ஷெப்பி தீவில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. ஆரஞ்சு ஸ்பாட்டட் எமரால்டு என்னும் தட்டானின் வரலாறு இன்னும் வருந்தத்தக்கது. டார்செட் மாவட்டத்திலிருந்து 1834இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான இவ்வினம் அங்குள்ள மூர்ஸ் ஆற்றில் கடைசியாக 1963இல் காணப்பெற்றது. சாக்கடைக் கழிவுநீர் ஆற்றில் கலந்ததே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. அந்த ஆற்றங்கரைக்கு ஆண்டுதோறும் சென்றுவந்த ஒரு சிலரின் குறிப்பேடுகள் இல்லாதிருந்தால் இழப்பின் ஆண்டும் தெரிந்திராது, காரணத்தைத் தேடவும் வழியிருந்திராது.

2021 அறிக்கையின்படி 46 இனங்களில் 19 பெருகியுள்ளன; 5 குறைந்துள்ளன. எம்பரர், மைக்ரண்ட் ஹாக்கர் போன்ற தென்பகுதித் தட்டான்கள் வடக்கு நோக்கிப் பரவியுள்ளன. ஸ்மால் ரெட்-ஐடு என்னும் ஊசித்தட்டான் 1999இல் எஸ்ஸெக்ஸில் முதன்முதலாகக் காணப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள் தென்கிழக்கு இங்கிலாந்து முழுதும் நிறைந்தது. வெப்பம் உயர்ந்ததும், சரளைக்கல் தோண்டிய பள்ளங்கள் நீர்நிலைகளாக மாறியதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. குளிர்ந்த மேட்டுநிலச் சதுப்புகளை நம்பியுள்ள பிளாக் டார்ட்டர் முதலியவை மறுபுறம் குறைந்து வருகின்றன.

இவ்வெண்களைப் படிக்குங்கால் ஓர் ஐயம் எழுவது இயல்பு. பார்ப்போர் தொகை பெருகினால் புள்ளிகளும் பெருகுமன்றோ? உண்மையே. 1970இல் ஒரு சதுரத்தில் எவரும் கால் வைத்திராவிட்டால், அங்கே தட்டான் இல்லை என்று படம் சொல்வதில் பொருளில்லை. இதனாலேயே, அன்று கண்ட எல்லா இனங்களையும், சாதாரணமானவை என்று தள்ளிவிடாமல், முழுப் பட்டியலாகத் தருமாறு பதிவாளர்கள் வற்புறுத்துகின்றனர். ஒரு பட்டியலில் பத்து இனங்கள் இருந்து பதினொன்றாவது இல்லையெனில், அது உண்மையிலேயே அங்கு இல்லாதிருக்கும் வாய்ப்பு மிகுதி. அரிய இனம் ஒன்றின் பெயரை மட்டும் தாங்கிய சீட்டு இச்செய்தியைத் தருவதில்லை. முழுப் பட்டியல்களை ஒப்பிட்டே, பார்ப்போர் பெருக்கத்தின் விளைவைப் புள்ளியியலார் ஓரளவு கழிக்கின்றனர்.

குளிர்காலத்தில் வேலையில்லை என்றும் எண்ண வேண்டாம். 2009 முதல் கிழக்கு இங்கிலாந்தில் பரவிவரும் வில்லோ எமரால்டு நீரின்மேல் சாய்ந்த மரக்கிளைகளின் பட்டையில் முட்டையிடும். இலையுதிர்ந்தபின் கிளைகளில் இரு வரிசைத் தழும்புகள் தெரியும். பூச்சி எதுவும் இல்லாத டிசம்பரிலும் அதன் பரவலைக் குறித்துவிடலாம்.

பிரிட்டனுக்கு எப்போதாவது வந்து சேரும் வேக்ரண்ட் எம்பரர், ரெட்-வெயின்டு டார்ட்டர் ஆகிய இரண்டும் நம் நாட்டிலும் பறப்பவை. நம் குளங்களில் இம்முறையைத் தொடங்க விரும்புவோர் முதலில் ஒரே ஒரு குளத்தைத் தேர்ந்து, பதினைந்து நாட்களுக்கொருமுறை ஒரே வழியாகச் சுற்றி வரலாம். நாள், நேரம், வெயில், காற்று, நீர்மட்டம் ஆகியவற்றுக்கு ஒரு பத்தி. இனம், தொகைப் படி, நிலை ஆகியவற்றுக்கு மற்றொன்று. இனப்பெயர் தெரியாதவற்றுக்கு எண் கொடுத்து, இறக்கை, மார்பு, வயிறு ஆகியவற்றின் குறிகளை வரைந்துகொள்க. எதுவும் பறக்காத நாளிலும் தேதியிட்டு அவ்வாறே எழுதுக.